கொத்தனாருக்கு இரண்டாவது தொழில்

பூச்சு வேலை கைவந்த கொத்தனார் அடுத்து எதைக் கற்கலாம் என்றால், என் ஓட்டு பாத்ரூம் பிளம்பிங்குக்குத்தான். அங்கே வரும் தகராறுகளில் பாதி, கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் நடுவில் பிறப்பவை.

சுடுதண்ணியையும் பச்சைத்தண்ணியையும் கலந்து தரும் சுவர்க் குழாயான வால் மிக்சரையே எடுத்துக்கொள்ளுங்கள். சுடுதண்ணி, பச்சைத்தண்ணி இரண்டு பாயின்ட்டுக்கும் மையத்துக்கு மையம் 150 மி.மீ.; மட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். பிளம்பர் வெறும் செங்கல் சுவரைப் பார்த்து, பைப்பைத் திருப்பும் வளைவுத் துண்டான எல்போவை வைத்துவிட்டுப் போய்விடுவார். அதன்மேல் பூச்சு 12 முதல் 15 மி.மீ., பசை 3 முதல் 5, டைல் 8 என்று ஏறும். எல்போ உள்ளே புதைந்துபோகும். பிறகு எக்ஸ்டென்ஷன் நிப்பிள் என்ற நீட்டுத் துண்டைப் போட்டு ஒப்பேற்ற வேண்டும். கசிய இன்னொரு இடம். பூச்சுக் கனம் தெரிந்தவர் டைல் முகத்துக்கு முதலிலேயே நூல் கட்டி, அதற்கு எல்போவை நிறுத்துவார்.

சிபிவிசி என்ற பிளாஸ்டிக் பைப்பை நேராக வெட்டி, பிசிறு நீக்கி, சால்வென்ட் பசை தடவி, இணைப்புத் துண்டுக்குள் கால் சுற்று திருப்பிச் சொருகி அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். உடனே கையை எடுத்தால் பைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வரும். பைப்புக்காகச் சுவரில் வெட்டிய காடியை மூடும் முன், பைப்பில் தண்ணீர் நிரப்பிக் காற்றை வெளியேற்றி, கைப்பம்பில் அழுத்தம் ஏற்றிப் பாருங்கள். அழுத்தமானியின் முள் இறங்கினால் பூசாதீர்கள், மேஸ்திரி எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

தரை வாட்டம் 4 அடிக்கு அரை அங்குலம். தரைத் தண்ணீர் வடியும் ட்ராப்பின் வாய் டைலைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும்.