பன்னிரண்டு பேரின் பயிற்சிக்காக எழுதிய இரண்டு மனுக்கள்

டெக்சாஸில், ஆஸ்டினுக்குக் கிழக்கே ஒரு மணி நேரப் பயணத்தில், மாட்டுப் பண்ணைகளும் ஓக் மரக் காடும் கலந்த ஒரு பகுதியில் வசிக்கிறேன். அங்குள்ள தன்னார்வத் தீயணைப்புக் குழுவில் ஏழு வருடமாக உறுப்பினன். நான் சேர்ந்த புதிதில் எங்கள் தலைவர் கேட்ட முதல் கேள்வி, “குழாய் பிடிப்பீர்களா?” என்பதல்ல, “உங்களுக்குப் படிவம் நிரப்ப வருமா?” என்பதுதான். வரும் என்றேன். பகலில் கணினி முன் உட்கார்ந்து பிழைப்பவன் நான். படிவம் ஒரு பெரிய காரியமா என்று நினைத்தேன். பன்னிரண்டு பேருக்கு அடிப்படைப் பயிற்சி கிடைக்க நான் இரண்டு மனுக்கள் எழுதி, ஒன்றரை வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

முதலில் இங்கே பணம் எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் தீயணைப்பு என்றால் அரசுத் துறை, அரசுச் சம்பளம். அமெரிக்காவில் அப்படியில்லை. தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 2020 கணக்குப்படி இந்த நாட்டில் சுமார் 10 லட்சத்து 41 ஆயிரம் தீயணைப்பு வீரர்கள் இருந்தார்கள். அவர்களில் 65 சதவீதம் பேர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். கிராமப்புறத்தில் தச்சர், பள்ளி ஆசிரியை, வெல்டர், பண்ணைக்காரர் ஆகியோர்தான் தீயணைப்பு வீரர்கள். டெக்சாஸில் ஒரு பகுதி மக்கள் வாக்களித்து அவசரச் சேவை மாவட்டம் ஒன்றை ஏற்படுத்திக்கொண்டால் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 10 சென்ட் வரை வரி வசூலிக்கலாம். எங்கள் பகுதியில் அது இல்லை. கவுண்டி என்ற உள்ளூர் நிர்வாகம் தருவது ஒரு சிறு தொகை. மீதியெல்லாம் வருடத்துக்கு இரண்டு முறை நாங்கள் நடத்தும் பிரிஸ்கட் என்ற மாட்டிறைச்சி விருந்தின் வசூல். அந்தப் பணம் டீசலுக்கும் டயருக்கும் காப்பீட்டுக்கும் போய்விடும். பயிற்சி கடைசியில் நிற்கும். சம்பளம் பெறாத தன்னார்வலர் சான்றிதழ் வாங்கியே ஆக வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் சொல்லவில்லை. அதனால் தள்ளிப்போடுவதும் எளிது.

2022 இறுதியில் எங்கள் பட்டியலில் 19 பேர். அழைத்தால் வருகிறவர்கள் 14 பேர். அவர்களில் அடிப்படைச் சான்றிதழ் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர்.

இது எனக்கு ஏன் உறுத்தியது என்பதற்குக் காரணம் உண்டு. நான் பிறந்தது சிவகாசிக்குப் பக்கத்துக் கிராமம். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தபோது இறந்தவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்கள் அல்லர். புகையைப் பார்த்து ஓடிவந்தவர்கள், உள்ளே இருப்பவர்களைத் தூக்கிவர நினைத்தவர்கள். அன்று அப்பா தொலைபேசியில் பேசியபோது அவர் குரல் இருந்த விதம் இன்னும் காதில் இருக்கிறது. ஏழே மாதம் கழித்து, 2013 ஏப்ரல் 17 அன்று, டெக்சாஸின் வெஸ்ட் என்ற சிற்றூரில் உரக் கிடங்கு ஒன்று தீப்பிடித்தது. தன்னார்வ வீரர்கள் அணைக்கப் போனார்கள். சிறிது நேரத்தில் உள்ளே இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. 15 பேர் இறந்தார்கள். அவர்களில் 12 பேர் உதவப் போனவர்கள். பின்னர் வந்த கூட்டரசின், அதாவது மத்திய அரசின், விசாரணை அறிக்கை, அபாயகரமான ரசாயனம் பற்றிய பயிற்சிக் குறைபாட்டை முக்கியமான காரணங்களுள் ஒன்றாகச் சொன்னது. எங்கள் எல்லைக்குள்ளும் உரம் வைத்திருக்கும் கொட்டகைகள் உண்டு, ரயில் பாதை உண்டு. தீயை நோக்கி ஓடும் மனம் எங்களிடம் தாராளமாக இருந்தது. எங்கே நிற்க வேண்டும் என்ற அறிவுதான் இல்லை.

முதல் மனுவை 2023 தொடக்கத்தில் போட்டோம். ஃபெமா என்ற கூட்டரசுப் பேரிடர் மேலாண்மை அமைப்பு, தீயணைப்பு வீரர்களுக்கான உதவி மானியத்தை ஆண்டுதோறும் அறிவிக்கிறது. மனுப் போட ஒரு மாதம் அல்லது அதற்குச் சற்று அதிகமாக அவகாசம் கிடைக்கும். 20,000 பேர் வரையுள்ள பகுதி என்றால், மானியத்தில் 5 சதவீதத்துக்கு ஈடான தொகையை நாம் போட்டால் போதும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் மனுப் பக்கத்தைத் திறப்பதற்கு முன்பே ஒரு மதில் இருக்கிறது: சாம் என்ற கூட்டரசுப் பதிவேடு. அதில் பெயர் இருந்தால்தான் பன்னிரண்டு எழுத்தெண்கள் கொண்ட அடையாள எண்ணும் செல்லுபடியாகும் பதிவும் கையில் இருக்கும். எங்கள் குழு 1970-களில் பதிவானது. அந்தப் பத்திரத்தில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் வேறொரு பெயர், வரித்துறைக் கடிதத்தில் மூன்றாவதாக ஒன்று. முகவரியாகத் தபால் பெட்டி எண்ணைக் கொடுத்திருந்தார்கள். பதிவேடு அதை ஏற்காது, கட்டடம் நிற்கும் இடத்தின் முகவரி வேண்டும். சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. நல்லவேளை, அறிவிப்பு வருவதற்கு முன்பே அக்டோபரில் தொடங்கியிருந்தேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தப் பதிவு முற்றிலும் இலவசம். பதிவுசெய்த மறுநாளிலிருந்து, அரசு அலுவலகத்திலிருந்து பேசுவதுபோன்ற குரலில், சில நூறு டாலர் கட்டினால் பதிவைப் புதுப்பித்துத் தருகிறோம் என்று பலர் அழைப்பார்கள். எங்கள் பொருளாளர் எழுபது வயதைத் தாண்டிய அம்மையார். காசோலையே எழுதிவிட்டார், கடைசி நிமிடத்தில்தான் என்னிடம் கேட்டார். பதிவை வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டும் என்பது உண்மை. அதை நாமே செய்துகொள்ளலாம்.

அந்த மனு தேறவில்லை. ஓகஸ்டில் ஒரு மின்னஞ்சல் வந்தது, அவ்வளவுதான். எனக்கு ஆத்திரமாக இருந்தது. பணக்காரப் புறநகர்க் குழுக்கள் ஆள் வைத்து மனு எழுதுகின்றன, நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்று கூட்டத்தில் பேசினேன். எங்கள் தலைவர் எதுவும் சொல்லாமல் பக்கத்துக் கவுண்டியில் இருக்கும் இன்னொரு குழுவின் தலைவரிடம் என்னை அனுப்பினார். அவர் இந்த மானியத்துக்கு மதிப்பீட்டாளராகப் போய்வந்தவர். மனுக்களைப் படித்து மதிப்பெண் போடுபவர்கள் நம்மைப் போன்ற தீயணைப்பு வீரர்கள்தான் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவருடைய சமையலறை மேசையில் என் மனுவைப் பென்சிலோடு வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தார்.

“இதில் வெஸ்ட் இருக்கிறது, காட்டுத்தீ இருக்கிறது, எல்லாம் மனதைத் தொடுகிறது. உங்கள் ஊர் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் விளக்கினார். நிதி நெருக்கடி, திட்டமும் செலவும், செலவுக்கேற்ற பயன், செயல்பாட்டில் வரப்போகும் மாற்றம் என்று எழுத்துப் பகுதி நான்கு. நான்குக்கும் சம எடை. நான் முதல் பகுதியிலேயே மூச்சு முழுவதையும் செலவழித்திருந்தேன். மீதி மூன்றும் தலா ஒரு பத்தி. அதோடு பயிற்சிக் கட்டணம், திரை, பயிற்சிப் பொம்மை, நாற்காலி என்று ஒரே மனுவில் கையில் கிடைத்ததையெல்லாம் கேட்டிருந்தேன். அடுத்துக் கேட்ட கேள்விதான் குழுவையே மாற்றியது: “கடந்த மூன்று வருடத்தில் எத்தனை அழைப்புகள்? எத்தனை முறை பயிற்சி இல்லாததால் வெளியிலேயே நின்றீர்கள்?”

எங்களிடம் இருந்தது நிலையத்துச் சுவரில் ஆணியில் தொங்கும் ஒரு நோட்டுப் புத்தகம். ‘புல் தீ, ஜோவின் வேலிக்குப் பின்னால், அணைந்தது’ என்று எழுதியிருக்கும். தேதி இருந்தால் அதிர்ஷ்டம். தேசியத் தீ நிகழ்வுப் பதிவேட்டுக்கு இரண்டு வருடமாக நாங்கள் எதையும் அனுப்பவில்லை. வேலையைச் செய்திருக்கிறோம், செய்ததற்குச் சாட்சி இல்லை. மதிப்பீட்டாளர் எதை வைத்து எங்களை நம்புவார்?

2023 இலையுதிர் காலம் முழுவதும் அதற்கே போனது. கவுண்டியின் அவசர அழைப்பு மையத்திடம் எழுதிக் கேட்டு மூன்று வருட அழைப்புப் பட்டியலை வாங்கினேன். நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் ஏற்றினோம். வருடத்துக்குச் சராசரியாக 140 அழைப்புகள், பாதிக்கு மேல் மருத்துவ உதவி. வீட்டுத் தீ என்று வந்தவை மூன்று வருடத்தில் 22. அவற்றில் 17 தடவை எங்களால் உள்ளே நுழைய முடியவில்லை. மூச்சுக்கருவி மாட்டி உள்ளே போகப் பயின்ற அந்த இருவரும் அந்தந்த நாளில் ஊரில் இல்லை. வெளியே நின்று தண்ணீர் அடித்தோம், வீடு எரிந்து முடிந்தது. அந்தப் பதினேழு என்ற எண்ணைக் கணக்குப் போட்ட இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு அந்தப் பதினேழு வீடுகளையும் தெரியும்.

இடையில் ஒரு ஆசை காட்டலும் வந்தது. ஒரு பண்ணைக்காரர் தன் பழைய வீட்டைக் கொளுத்திப் பயிற்சி செய்துகொள்ளுங்கள், இலவசம் என்றார். இளைஞர்கள் உற்சாகமானார்கள். நான் எதிர்த்தேன், அந்த ஒரு மாதம் நிலையத்தில் என்னோடு சிலர் சரியாகப் பேசவில்லை. உண்மையான தீயை வைத்துப் பயிற்சி செய்வதற்கு என்றே ஒரு தரநிலை இருக்கிறது, 1403 என்பது அப்போது அதன் எண். 1982-இல் கொலராடோவின் போல்டர் நகரில் இப்படிப்பட்ட பயிற்சி ஒன்றில் இரு வீரர்கள் இறந்த பிறகு உருவானது அது. ஐந்து பேருக்கு ஒரு பயிற்றுநர், மாற்றுத் தண்ணீர் ஏற்பாடு, வெளியேறும் வழிகள், ஆஸ்பெஸ்டாஸ் சோதனை என்று பட்டியல் நீளும். எதுவும் எங்களிடம் இல்லை. எங்கள் தலைவர் கடைசியில் பண்ணைக்காரருக்கு நன்றி சொல்லி மறுத்துவிட்டார். கையில் காசில்லாத குழுக்களை இலவசம் எங்கே இழுத்துச் செல்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மாநிலத்திலும் ஒரு வழி இருக்கிறது. கிராமப்புறத் தன்னார்வக் குழுக்களுக்கென்று 2001-இல் டெக்சாஸ் சட்டமன்றம் உருவாக்கிய திட்டத்தை டெக்சாஸ் ஏ அண்ட் எம் வனத்துறை நடத்துகிறது. காப்பீட்டு நிறுவனங்களிடம் வசூலிக்கும் தொகையிலிருந்து நிதி வருகிறது. வண்டி, உடை, பயிற்சிக் கட்டணம் எல்லாம் அதில் உண்டு. கூட்டரசு மானியத்தைவிட மனு மிகவும் எளிது. நான்கு பேரைக் காட்டுத்தீப் பயிற்சிக்கு இதன் மூலம் அனுப்பினோம். ஆனால் முதலில் நாம் கட்ட வேண்டும், முடித்த சான்றிதழையும் ரசீதையும் அனுப்பிய பிறகு பணம் திரும்பும். கணக்கில் 2,300 டாலர் இருந்த எங்களுக்கு அந்த இடைவெளி சிறியதல்ல. நான்கு பேர் போன அந்த மாதத்தில் பம்பு வண்டியின் பேட்டரி செத்திருந்தால் புதிது வாங்கியிருக்க முடியாது. சின்னக் குழுக்கள் இந்தத் திட்டத்தைப் பயன்படுத்தத் தயங்குவது சோம்பலால் அல்ல. ஒரு பகுதியையாவது முன்பணமாகத் தந்தால் எத்தனையோ பேர் வருவார்கள்.

இரண்டாவது மனுவை 2024 பிப்ரவரியில் எழுதினேன். இந்தமுறை ஒரே கோரிக்கை: பன்னிரண்டு பேருக்கு முதல்நிலைத் தீயணைப்புப் பயிற்சி, அதனுடன் அபாயகர ரசாயனப் பயிற்சி. பயிற்றுநர்கள் வார இறுதிகளில் எங்கள் நிலையத்துக்கே வருவார்கள். மொத்தம் 18,900 டாலர். 18,000 அவர்கள் பங்கு, 900 எங்களுடையது. வெஸ்ட் பற்றி ஒரே வரி. பதினேழு வீடுகள் பற்றி ஒரு பக்கம். எழுதிக்கொண்டிருந்தபோதே, பிப்ரவரி 26 அன்று, வடக்கே பேன்ஹேண்டில் பகுதியில் ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ தொடங்கியது. 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்து, டெக்சாஸ் வரலாற்றிலேயே பெரிய காட்டுத்தீயானது. அங்கே முதலில் போய் நின்றவர்களும் எங்களைப் போன்ற தன்னார்வலர்கள்தான். எங்கள் தலைவர் நிலையத்துத் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே, “மனு எந்த அளவில் இருக்கிறது?” என்று தினமும் கேட்டார். மார்ச் முதல் வாரம் அனுப்பினேன்.

ஓகஸ்டில் கிடைத்தது. 900 டாலரை ஒரே சனிக்கிழமை விருந்தில் சேர்த்துவிட்டோம்.

பணத்தைவிட அரிதானது ஆட்களின் நேரம் என்பது அதன் பிறகு தெரிந்தது. அக்டோபரிலிருந்து ஐந்து மாதம், வார இறுதிகள். எங்கள் வெல்டர் சனிக்கிழமைச் சம்பளத்தை இழந்து வந்தார். ஒரு பெண்மணி கைக்குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தார். இருவர் நடுவில் நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்த இரண்டு இடங்களைப் பக்கத்துக் குழுவினருக்குத் தரலாமா என்று மானிய அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கினோம். எழுத்தில் இல்லாத எதையும் நம்பக் கூடாது என்று அதற்குள் பழகியிருந்தேன். தீ மூட்டிப் பயிற்சி செய்யும் கோபுரத்தில் கடைசிப் பயிற்சி நாளன்று முழங்காலிட்டுப் புகைக்குள் நகர்ந்தபோது, என் முன்னால் போனவரின் காலணியை ஒரு கையால் தொட்டுக்கொண்டே போனேன். அவர் நின்றார், நானும் நின்றேன். வெப்பம் தலைக்கு மேலே ஒரு கூரைபோல இருந்தது.

அடுத்த ஜூலையில் மதியம் ஒரு அழைப்பு வந்தது: விவசாயக் கொட்டகையில் தீ. பழைய பழக்கத்தில் வண்டியை வாசல்வரை கொண்டுபோயிருப்போம். அன்று ஓட்டியவர் அந்த வெல்டர். அரை மைல் தூரத்திலேயே, காற்று வரும் திசையில் நிறுத்தினார். பைனாகுலரை எடுத்துக் கொட்டகைச் சுவரில் இருந்த எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தார். ஆரஞ்சு அட்டை போட்ட அபாயகர ரசாயனக் கையேட்டை மடியில் விரித்தார். உள்ளே உர மூட்டைகள். உரிமையாளரைத் தொலைபேசியில் பிடித்து, எவ்வளவு, என்ன வகை என்று கேட்டோம். பக்கத்து இரண்டு வீடுகளையும் காலிசெய்யச் சொன்னோம். கொட்டகை எரிந்தது, எரியட்டும் என்று விட்டோம். அது வெடிக்கவில்லை. எங்கள் ஆட்கள் ஒன்பது பேரும் வீடு திரும்பினார்கள்.

அன்றிரவு நிலையத்தில் உட்கார்ந்து பதிவேட்டில் ஏற்றினேன்: அழைப்பு 2.14, சென்றது 2.31, நிறுத்திய தூரம், காற்றின் திசை, பயிற்சி பெற்றவர்கள் ஏழு பேர். வெல்டர் வாசலில் நின்று, “இதையும் எழுதுகிறீர்களா?” என்று கேட்டார். எழுதுகிறேன் என்றேன்.