டிஸ்ட்ரிபியூட்டர் தராத ராயல்டியை எங்கே தேடுவது?

சொந்தமாகப் பாட்டு வெளியிடுகிறவர்களில் பலர், டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் ஏற்றித் தரும் நிறுவனம்) போடும் தொகையோடு ஸ்ட்ரீமிங் கணக்கு முடிந்துவிட்டது என்று இருந்துவிடுகிறார்கள். அது ஒலிப்பதிவுக்கான பணம் மட்டும்தான். மெட்டுக்கும் வரிகளுக்கும் தனி உரிமை, தனி ராயல்டி உண்டு. உரியவர் பதிவு செய்திருந்தால்தான் அது கைக்கு வரும்.

இந்தியாவில் அதை வசூலிப்பது ஐபிஆர்எஸ் என்ற உரிமைச் சங்கம். இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் தனித்தனியாக உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பதிய வேண்டும். உறுப்பினர் ஆனதோடு நின்றுவிடுகிறவர்களும் உண்டு. பதியாத பாட்டுக்குப் பணம் பிரிக்க வழியே இல்லை. உரிமையை லேபிளுக்கு, அதாவது இசை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டவர்களும் சோர வேண்டாம். 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ராயல்டியில் இவர்களுக்குள்ள சம பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதினாலும் செல்லாது. "மொத்தமா செட்டில் பண்ணியாச்சே" என்று யாராவது சொன்னால் அப்படியே விட்டுவிடாதீர்கள்.

அமெரிக்காவில் கேட்கப்பட்ட பாட்டுகளுக்கு 2021 ஜனவரியிலிருந்து எம்எல்சி என்ற அமைப்பு மெக்கானிக்கல் ராயல்டியை (மெட்டையும் வரிகளையும் நகலெடுத்துப் பயன்படுத்துவதற்கான தொகையை) வசூலிக்கிறது. யாருடையது என்று தெரியாமல் தேங்கிக் கிடந்த சுமார் 42.4 கோடி டாலரை அந்த ஆண்டு பிப்ரவரியில் ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் அதனிடம் ஒப்படைத்தன. அவ்வளவு பணம் தேங்கியதற்குப் பெரிய காரணம், தகவல் பொருந்தாததுதான்.

தமிழ்ப் பாட்டுகள் சிக்குவதும் இங்கேதான். செந்தில் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஓரிடத்தில் 'எச்' சேர்த்தும் இன்னோரிடத்தில் சேர்க்காமலும் எழுதுகிறோம். இனிஷியல் ஒரு பதிவில் முன்னால், இன்னொன்றில் பின்னால். 'கண்ணம்மா' என்று தலைப்பு வைத்த பாட்டுகளுக்குக் கணக்கே இல்லை. கணினிக்கு இவரும் அவரும் வேறு ஆள். ஆகவே பெயரின் ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனியாகத் தரப்படும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்து-எண் குறியீட்டையும் ஒவ்வொரு பதிவிலும் சேருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது பழைய ஐஎஸ்ஆர்சியையே கேட்டு வாங்கிப் போடுங்கள். புதிய எண் விழுந்தால் அதே பாட்டு வேறு ஒலிப்பதிவாகிவிடும்.

எம்எல்சி தளத்தின் தேடல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. தலைப்பு, எழுதியவர் பெயர், ஐஎஸ்ஆர்சி மூன்றையும் வைத்துத் தேடுங்கள். உரிமை கோருவதற்கு முன் ஒரு வேலை: உங்கள் பாட்டுரிமையைக் கவனிக்கும் பதிப்பாளரோ ஐபிஆர்எஸ் போன்ற சங்கமோ அதே உரிமையை ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். இருவரும் கோரி பங்கு 100 சதவீதத்தைத் தாண்டினால், தீரும்வரை பணம் முடங்கும். பாட்டு முடிந்த அன்றே இன்னாருக்கு இத்தனை சதவீதம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்தத் தகராறு வராது.

அமெரிக்காவில் பண்டோரா போன்ற இணைய வானொலியில் ஒலிப்பதிவு ஒலித்ததற்கான பணத்தை வசூலிப்பது சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு. அங்கே ஒலிப்பதிவு உரிமையாளருக்கு 50, முதன்மைக் கலைஞருக்கு 45, பக்கவாத்தியக்காரர்கள் உள்ளிட்ட மற்றவர்களுக்கு 5 சதவீதம். உரிமையாளரும் முதன்மைக் கலைஞரும் நீங்களே என்றால் இரண்டு வகையிலும் பதியுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கே குறைகிறது என்று தோன்றினால், அவர்கள் தரும் சிஎஸ்வி (எக்செலில் திறக்கும் அட்டவணை) அறிக்கையை இறக்கி ஐஎஸ்ஆர்சி, நாடு, தளம், மாதம் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். கேட்கப்பட்ட மாதம் வேறு, அறிக்கை மாதம் வேறு. இடையில் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டுக்கு ஒலிப்பதிவுத் தொகை கிடையாது. இவற்றைக் கழித்த பிறகும் வித்தியாசம் இருந்தால், அறிக்கையில் அந்த வரிசைகளை மட்டும் எடுத்து இணைத்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு எழுதுங்கள். வெறுமனே "பணம் குறைவு" என்றால் பொதுவான பதில்தான் வரும்.

அமெரிக்கப் பணத்துக்கு டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தில் பான் எண்ணைக் குறிப்பிட்டு, இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையைக் கோருங்கள். கோராவிட்டால் 15 சதவீதத்துக்குப் பதில் 30 சதவீதம் வரி பிடிப்பார்கள்.