வயநாட்டு மழையும் 10 சதவீதமும்

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு மூடியது ஏன் என்று தேடியபோது, லண்டன் இம்பீரியல் கல்லூரி அறிவியலாளர்கள் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வுக்குழு அடுத்த மாதமே வெளியிட்ட அறிக்கையை வாசித்தேன். ஒரே நாளில் 140 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டிய அந்த மழையின் தீவிரம், மனிதச் செயல்களால் புவி வெப்பமடைந்ததன் விளைவாக ஏறக்குறைய 10 சதவீதம் கூடியிருந்தது என்கிறது அது. சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் ஏற்கெனவே நீரில் ஊறி நின்ற மலைச்சரிவுக்கு அது சிறிதன்று. இவ்வூர்கள் அடங்கிய வைத்திரி வட்டத்தை உச்சப் பாதுகாப்பு வேண்டிய பகுதியாக, மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழலை ஆராய்ந்த மாதவ் காட்கில் குழு 2011-லேயே பரிந்துரைத்தும் அது நடைமுறைக்கு வரவில்லை என்பதையும் சேர்த்து எண்ணும்போது, அந்த இரவில் தோட்டக் குடியிருப்புகளில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் குடும்பங்களை நினைத்து மனம் கனக்கிறது.