16 பக்கக் கையேடும் ஒரு மீன்பாடி வண்டியும்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மாலை நேர நூலகம் இருக்கிறது. நூலகம் என்றால் ஒரு வீட்டின் முன்னறைதான். அதில் இரண்டு அலமாரிப் புத்தகங்களும், ஒரு கேரம் பலகையும், யாரோ தம் அலுவலகத்தைக் காலி செய்தபோது கொடுத்துவிட்டுப் போன நான்கு பழைய கணினிகளும் உண்டு. அந்தக் கணினிகளில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தபோது, கூடவே ‘சூப்பர்டக்ஸ்கார்ட்’ என்ற பந்தய விளையாட்டையும் ஏற்றி வைத்தேன். அது கட்டற்ற மென்பொருள், காசு கேட்காது. ஒரு பெங்குயினும் அதன் கூட்டாளிகளும் சின்னஞ்சிறு வண்டிகளில் ஒருவரையொருவர் துரத்துவார்கள்; சண்டை உண்டு, ரத்தம் கிடையாது. ஒரு மாதம் கழித்து நூலகத்தை நடத்தும் அக்கா என்னைக் கூப்பிட்டார். “தம்பி, எந்தக் கீயை அமுக்கணும்னு நாலு மிஷினுக்கும் நடுவுல நின்னு கத்தியே எனக்குத் தொண்டை போயிடுச்சு. படம் போட்டு ஒரு புக்கு பண்ணிக் குடு” என்றார். வண்ணாரப்பேட்டையில் டிடிபி கடை வைத்துக் கல்யாணப் பத்திரிகையும் துணிக்கடைகளுக்கான பில் புத்தகமும் செய்து பிழைக்கிற எனக்கு 16 பக்கம் ஒரு வேலையா என்று உடனே ஒப்புக்கொண்டேன். ஏழு வாரம் ஆயிற்று.

முதல் வாரம் முழுவதும் என் வீட்டுக் கணினியில் விளையாடி விளையாடி ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். நாற்பது படங்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் அம்புக்குறி, எண், கட்டம், விளக்கம் என்று இடைவெளி இல்லாமல் நிரப்பி, எட்டுப் பக்கங்களை அச்செடுத்துப் பெருமையாகக் கொண்டுபோய் வைத்தேன். முதலில் கையில் எடுத்த சிறுமி இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, “இது எங்க கேம் இல்லண்ணா, இதுல நெழல் எல்லாம் கீதே” என்றாள். அவள் சொன்னது சரி. நூலகத்துக் கணினிகளின் கிராபிக்ஸ் திறன் போதாது என்பதால் அங்கே நிழல், ஒளி போன்றவற்றையெல்லாம் அணைத்து வைத்திருந்தேன். படமெடுத்ததோ என் வீட்டில், எல்லாம் இயங்கும் நிலையில். அதுவும் போதாதென்று, வண்ண அச்சு கட்டுப்படியாகாது என்று ஜெராக்ஸ் எடுத்திருந்ததால், இரவில் ஓடும் பாதையைக் காட்டும் படம் தார் பூசிய சுவர்போல வந்திருந்தது.

இவை இரண்டும் சரிசெய்யக்கூடிய குறைகள்தாம். மூன்றாவது குறையைக் கண்டுபிடிக்க, வாயைத் திறக்காமல் ஒரு மணி நேரம் மூலையில் உட்கார வேண்டியிருந்தது. பிள்ளைகள் கையேட்டைப் படக்கதை படிப்பதுபோல ரசித்துப் படித்தார்கள், சிரித்தார்கள், பிறகு அதை மூடி வைத்துவிட்டுக் கணினியின் முன்னால் உட்கார்ந்ததும் “அக்கா, எதை அமுக்கணும்?” என்று கேட்டார்கள். திரையில் என்ன தெரியும் என்பதைத்தான் என் நாற்பது படங்களும் சொல்லிக்கொண்டிருந்தன. அதுதான் எதிரிலேயே தெரிகிறதே! அவர்களுக்குத் தெரியாதது தம் கை எங்கே இருக்க வேண்டும், எப்போது அசைய வேண்டும் என்பது. அதைப்பற்றி என் கையேட்டில் ஒரு கோடுகூட இல்லை.

ஆகவே ஸ்கிரீன்ஷாட்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டு விரல்களை வரையத் தொடங்கினேன். இந்த விளையாட்டில், கீ அமைப்பை மாற்றாமல் விட்டால், வலது கைக்கு அம்புக் கீகள் நான்கும் போகும். இடது கைக்கு வி, பி, என் ஆகிய மூன்றும் ஸ்பேஸ் பாரும். வி அழுத்தினால் வண்டி சறுக்கும், பி அழுத்தினால் பின்னால் திரும்பிப் பார்க்கலாம், என் அழுத்தினால் நைட்ரோ வேகம், ஸ்பேஸ் தட்டினால் கையில் இருப்பதை எறியலாம். வி, பி, என் மூன்றும் கீபோர்டின் கீழ்வரிசையில் அடுத்தடுத்து இருப்பது வரைபவனுக்குக் கிடைத்த வரம். ஒரே கையை ஒருமுறை வரைந்து, விரல்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். என் கையையே படமெடுத்து அதன்மேல் இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் கோடு போட்டேன். வரைந்த பிறகுதான், ஒன்பது வயதுக் கையில் கட்டைவிரல் ஸ்பேஸ் பாரில் இருக்கும்போது மற்ற விரல்கள் இவ்வளவு தாராளமாகப் பரவா என்று உறைத்தது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்து, அவன் கையை வைத்து அத்தனையையும் மறுபடி வரைந்தேன். பாதையை விட்டு விழுந்த வண்டியை மீட்கும் பேக்ஸ்பேஸ் மட்டும் தனியாக மேலே இருக்கிறது. அதற்கு வலது கை அம்புக் கீகளை விட்டு எழுந்து போய்த் திரும்ப வேண்டும் என்பதைப் புள்ளிக்கோட்டால் காட்டினேன்.

தட்டுவதும் அழுத்திப் பிடிப்பதும் வேறு வேறு என்பதைப் படத்தில் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் போதும். வி கீயையும் நைட்ரோவையும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் தட்டும் விரலுக்கு மேலே இரண்டு சின்னக் கீற்றுகள், பிடிக்கும் விரலுக்குக் கீழே ஒரு தடித்த கோடு என்று வைத்துக்கொண்டு, அந்தக் குறிகளின் பொருளை இரண்டாம் பக்கத்தில் முதலிலேயே சொல்லிவிட்டேன். பந்தயம் தொடங்கும் இடத்திலும் இதே சிக்கல்தான். திரையில் மூன்று அறிவிப்புகள் வரிசையாக வரும். இரண்டாவது வருவதற்கு முன்பே வேகக் கீயை அழுத்திவிட்டால் தண்டனையாக வண்டி சற்று நேரம் நின்ற இடத்திலேயே நிற்கும். நூலகத்தில் எல்லாப் பிள்ளைகளும் இந்தத் தண்டனையை வாங்கிக்கொண்டு, கணினி மக்கர் செய்கிறது என்று அதன் தலையில் தட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று கட்டங்கள் வரைந்தேன்: முதல் கட்டத்தில் விரல் கீக்கு மேலே காற்றில், இரண்டாவதில் மெல்லத் தாழ்ந்து, மூன்றாவதில் அழுத்தியபடி. இந்த ஒரு பக்கத்தில் எழுத்தே இல்லை. கையேட்டிலேயே நன்றாக அமைந்த பக்கம் இதுதான் என்பது என் எண்ணம்.

சறுக்கித் திரும்புவதைத்தான் விரலை வைத்து மட்டும் விளக்க முடியவில்லை. வி கீயைப் பிடித்தபடி வளைவில் திரும்பினால் சக்கரத்தடியில் பொறி பறக்கும். அதன் நிறம் மாறும் வரை பொறுத்துக் கையை எடுத்தால் வண்டி ஒரு உந்து உந்திக்கொண்டு போகும். ‘சறுக்குதல்’ என்று எழுதினால் சறுக்குமரம் நினைவுக்கு வருகிறது. ‘டிரிஃப்ட்’ என்றால் பெரிய பையன்களுக்குப் புரிகிறது, சின்னவர்களுக்குப் புரியவில்லை. காசிமேட்டிலிருந்து ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டு சந்து திரும்பும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியைப் பார்க்காத பிள்ளை எங்கள் பக்கத்தில் கிடையாது. மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு மீன்பாடி வண்டியை வரைந்து, அதன் பின்பக்கம் வெளியே வீசுவதை வளைகோட்டால் காட்டி, பக்கத்திலேயே பெங்குயினின் வண்டியை அதே கோணத்தில் வைத்தேன். கறுப்பு வெள்ளையில் பொறியின் நிறத்தைக் காட்ட வழியில்லாததால் முதலில் சிறு பொறி, பிறகு பெரிய பொறி என்று வரைய வேண்டியதாயிற்று. அது முழு உண்மை இல்லைதான். ஆனால் யாரும் குழம்பவில்லை.

இப்படி உட்கார்ந்து வரைகையில், தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் கிளாஸில் ஆடிய ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ அடிக்கடி நினைவுக்கு வந்தது. 1989இல் வெளியான அந்த விளையாட்டின், டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கான பதிப்பில், முதல் கட்டம் முடிந்ததும் எழுத்துகளுக்கு நடுவே குடுவைகள் நிற்கும். கையேட்டின் இத்தனையாவது பக்கத்தில், இத்தனையாவது வரியில், இத்தனையாவது சொல்லின் முதலெழுத்துக்குரிய குடுவையைக் குடித்தால்தான் மேலே வழி. திருட்டு நகல் எடுத்தவனிடம் கையேடு இருக்காது என்பதால் வைத்த பூட்டு அது. எங்களிடம் இருந்ததோ ஃபிளாப்பியில் வந்த நகல்தான். எந்தக் கேள்விக்கு எந்த எழுத்து என்று சீனியர் ஒருவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டுக்கு அப்போது இருந்த மரியாதை கணினிக்கே கிடையாது. அந்தக் கையேட்டை நான் ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை.

சொற்களில் நான் கொஞ்சம் வறட்டுப் பிடிவாதம் பிடித்தேன். ‘விசை’ என்றுதான் எழுதுவேன் என்று நின்றேன், அக்கா படித்துப் பார்த்து, “யாருப்பா இங்க விசைன்னு சொல்றாங்க?” என்று ஒரே கேள்வியில் அதை அடித்துவிட்டார். கீ என்றே இருக்கிறது. விளையாட்டில் கிடைக்கும் பொருள்கள் வேறு வகையில் சோதித்தன. வாழைப்பழத்தின் மேல் வண்டியை ஏற்றினால் வெடிகுண்டோ, பாராசூட்டோ, கொல்லன் பட்டறைக் கல்லோ வந்து ஒட்டிக்கொள்ளும். லேத் பட்டறைகளின் நடுவில் வளர்ந்த பிள்ளைகள் பட்டறைக் கல்லைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்கள். ரப்பர் குமிழ் வைத்த கோலைத்தான் யாருக்கும் தெரியவில்லை. மேல்நாட்டு வீடுகளில் கழிவறை அடைப்பெடுக்க வைத்திருக்கும் சாமான் அது. முன்னால் எறிந்தால் எதிராளியின் வண்டியைக் கொக்கிபோலப் பிடித்து இழுக்கும்; பின்னால் எறிந்தால் துரத்தி வருபவனின் கண்ணை மறைக்கும். ‘அடைப்பெடுக்கும் ரப்பர்’ என்று பெயரிட்டு, பாத்திரம் தேய்க்கும் தொட்டியோடு சேர்த்து வரைந்தேன். அப்படியும் ஒருவன் அதை மணி என்றே சொல்கிறான்.

அச்சு வேலை என் தொழில் என்பதால் அதில் தவறு வராது என்று நம்பினேன். நான்கு ஏ4 தாள்களை மடித்தால் 16 பக்கம். 16ஆம் பக்கமும் முதல் பக்கமும் ஒரே முகத்தில் அருகருகே அமைய வேண்டும். வரிசையெல்லாம் சரியாகத்தான் வைத்திருந்தேன். நான் போன ஜெராக்ஸ் கடையில் தாளைக் குட்டைப் பக்கமாகப் புரட்டுவதற்குப் பதிலாக நீளப் பக்கமாகப் புரட்டி அடித்துவிட்டார்கள். ஒவ்வொரு தாளின் மறுபுறமும் தலைகீழாக வந்தது. ஐந்து பிரதிகள் வந்த பிறகுதான் பார்த்தேன். அந்த ஐந்தும் வீணாகவில்லை. பிள்ளைகள் அவற்றின் ஓரங்களில் படம் வரைகிறார்கள். விளையாட்டின் படங்கள் பலவும் பெயர் குறிப்பிட்டுப் பகிர வேண்டும் என்ற உரிமத்தில் இருப்பதால், நான் பார்த்து வரைந்த பெங்குயினுக்கும் பின்னட்டையில் உரிய குறிப்பு வைத்தேன்.

இப்போது இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் செய்துகொண்டிருக்கிறேன். நிழலைப் பற்றிச் சொன்ன அதே சிறுமி இடதுகைப் பழக்கம் உள்ளவள். கீகளை இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று அக்கா அவளுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறார். தலைகீழாக அச்சான பிரதியின் காலி இடத்தில், நான் வரைந்த இரண்டு கைகளையும் இடம் மாற்றிப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தாள். விரல்கள் கொஞ்சம் வெண்டைக்காய்போல இருக்கின்றன. கீகளெல்லாம் சரியான இடத்தில்தான் இருக்கின்றன. அதை அப்படியே ஸ்கேன் செய்து 11ஆம் பக்கத்தில் வைத்துவிட்டேன்.