அந்நியபாஷைக்குப் பிறகு ஒரு நிமிஷம்

அந்நியபாஷையை, அதாவது ஆவியானவர் தர ஒருவர் தான் கற்காத பாஷையில் பேசுவதை, தடுக்க வேண்டாம் என்றுதான் அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார். ஆனால் கூடுகையில் கணக்கு உண்டு, 1 கொரிந்தியர் 14:27, 28 பாருங்கள்: இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒவ்வொருவராக, ஒருவர் அர்த்தம் சொல்ல வேண்டும். அர்த்தம் சொல்ல ஆள் இல்லையென்றால் சபையில் அமைதி. தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேசினால் போதும்.

ஆவியானவரின் நிறைவுக்காகக் காத்திருந்து ஜெபிக்கும் காத்திருப்புக் கூட்டங்களில் தவறுவது இங்கேதான். ஒருவர் பேசி முடித்த உடனே கீபோர்டு சத்தம் ஏறும், டிரம்ஸ் சேரும், மைக்கில் அடுத்த பாட்டு. வியாக்கியானத்துக்கு, அதாவது அர்த்தம் சொல்ல, இடமே இல்லை! பாஸ்டர் கையசைத்து இசையை நிறுத்தட்டும், ஒரு நிமிஷமாவது காத்திருக்கட்டும்.

இன்னொன்று மனசை வலிக்க வைக்கிறது: "அல்லேலூயாவை வேகமாச் சொல்லு, நாக்கு தானாப் புரளும்" என்று பிள்ளைகளைப் பழக்குவது. சீஷர்கள்மேல் ஆவியானவர் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் அவர் தந்தபடியே அவர்கள் பேசினார்கள், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாஷை பேசுகிறவர் வியாக்கியான வரத்துக்காகவும் ஜெபிக்கட்டும், 14:13.