டைனமோடிபியிலிருந்து 40 லட்சம் ஐட்டங்களை அழிக்கும் வேலை

எஸ்க்யூஎல் பழகிய கை முதலில் தேடுவது 'டெலீட் ஃப்ரம், வேர்' என்ற ஒற்றை வரியைத்தான். அமேசானின் டேட்டாபேஸான டைனமோடிபியில் அப்படி ஒன்று கிடையாது. எஸ்க்யூஎல் போலவே எழுத உதவும் பார்ட்டிகில் மூலம் டெலீட் என்று எழுதலாம். ஆனால் அதற்கும் முழு பிரைமரி கீ வேண்டும், ஒரு வரியில் ஒரு ஐட்டம்தான், அதாவது ஒரு பதிவுதான், போகும். ஆக, 'ஒரு வருடத்துக்கு முந்தையதை எல்லாம் தூக்கிவிடுங்கள்' என்று கேட்டால் அது இரண்டு வேலை. எந்தெந்தக் கீ என்று கண்டுபிடிப்பது ஒன்று, அழிப்பது இன்னொன்று. தலைவலி பெரும்பாலும் முதலாவதில்தான்.

எடுத்துக்கொண்டது லாகின் செஷன் டேபிள். பார்ட்டிஷன் கீ பயனர் ஐடி, அது ஸ்ட்ரிங். சார்ட் கீ தொடங்கிய நேரம், அது நம்பர். இரண்டும் சேர்ந்ததுதான் பிரைமரி கீ. அழிக்க வேண்டியவை சுமார் 40 லட்சம், ஒவ்வொன்றும் சராசரியாக 2.5 கேபி.

புரோகிராமைத் தொடுவதற்கு முன் கணக்கு. எழுதும் வேலையை டைனமோடிபி ரைட் யூனிட் என்ற அலகில் அளக்கிறது. ஒரு ரைட் யூனிட் 1 கேபி வரைதான் தாங்கும். மீதி இருந்தால் மேல்நோக்கி முழு எண்ணாக்குவார்கள். டெலீட்டும் ரைட்தான். எனவே 2.5 கேபி ஐட்டத்தை அழிக்க 3 யூனிட், மொத்தம் 1.2 கோடி யூனிட். டேபிளுக்கு நொடிக்கு 500 யூனிட் ஒதுக்கியிருந்து, ஓடிக்கொண்டிருக்கும் அப்ளிகேஷனுக்கு 200 விட்டு 300-ஐ மட்டும் எடுத்தால் 40,000 நொடி, அதாவது 11 மணி நேரத்துக்கும் மேல். இரவோடு இரவாக முடித்துவிடலாம் என்று யாரும் வாக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

குளோபல் செகண்டரி இண்டெக்ஸ் (வேறு கீ வைத்துத் தேட உதவும் நகல்) இருந்தால் அங்கேயும் அதே ஐட்டம் அழிய வேண்டும், அதற்குத் தனி ரைட் யூனிட் போகும். இண்டெக்ஸின் ஒதுக்கீடு போதாவிட்டால் மெயின் டேபிளின் ரைட்டும் த்ராட்டில் ஆகும், அதாவது தடுக்கப்படும். டேபிளில் யூனிட் தாராளமாக இருக்கிறதே, ஏன் நிற்கிறது என்று குழம்பினால் முதலில் இண்டெக்ஸின் கிராஃபைப் பாருங்கள்.

அடுத்து, டேபிளைப் பழைய ஒரு நேரத்தின் நிலைக்கு மீட்க உதவும் பாயின்ட் இன் டைம் ரெகவரி ஆன் ஆகி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 35 நாள் வரை பின்னே போகலாம். ஆனால் மீட்டால் அது புதிய டேபிளாகத்தான் வரும். ஆட்டோ ஸ்கேலிங், டிடிஎல் (காலாவதியான ஐட்டத்தைத் தானே அழிக்கும் வசதி), ஸ்ட்ரீம் (டேபிளின் மாற்றங்களை வரிசையாகத் தரும் வசதி) செட்டிங் எதுவும் கூட வராது.

இனி கீ சேகரிப்பு. பயனர் ஐடி தெரியாமல் நேரத்தை மட்டும் வைத்து க்வெரி செய்ய முடியாது, டேபிள் முழுவதையும் படிக்கும் ஸ்கேன்தான் வழி. இங்கே ஃபில்டர் போட்டால் செலவு குறையும் என்று நினைப்பது பெரும்பிழை. டைனமோடிபி முதலில் 1 எம்பி அளவுக்குப் படிக்கும், பிறகுதான் ஃபில்டர் செய்யும், காசு படித்ததற்கு. ப்ரொஜெக்‌ஷன் போட்டுக் கீயை மட்டும் கேட்டாலும் அதே கதை, நெட்வொர்க்கில் வரும் பாரம் மட்டும் குறையும்.

இதிலிருந்துதான் அதிகம் பேரைக் கவிழ்க்கும் பிழை பிறக்கிறது. படித்த 1 எம்பியில் ஃபில்டருக்குப் பொருந்துவது எதுவும் இல்லையென்றால் ஐட்டம்ஸ் பட்டியல் காலியாக வரும். காலி என்றதும் லூப்பை நிறுத்தினால், டேபிளின் முக்கால்வாசி தொடப்படாமலே 'வெற்றிகரமாக முடிந்தது' என்று லாக் வரும். எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. லூப் நிற்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: பதிலில் லாஸ்ட்இவால்யுவேட்டட்கீ (எதுவரை படித்தது என்ற அடையாளம்) இல்லாதபோது. அது இருக்கும் வரை, அதை அடுத்த அழைப்பின் எக்ஸ்க்ளூசிவ்ஸ்டார்ட்கீ ஆகக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். ஸ்டேட்டஸ், நேம், டேட், டிடிஎல் எல்லாம் ரிசர்வ்ட் சொற்கள் என்பதால் எக்ஸ்பிரஷனில் அப்படியே எழுதினால் வேலிடேஷன் எக்ஸெப்ஷன் வரும். ஹேஷ் குறி போட்ட மாற்றுப் பெயர் கொடுக்க வேண்டும்.

கிடைத்த கீகளை உடனே அழிக்காமல் ஒரு ஃபைலில், வரிக்கு ஒரு ஜேசான் என்று எழுதுவது நல்லது. எண்ணிப் பார்க்கலாம், பத்து வரியை எடுத்துச் சோதிக்கலாம், பாதியில் அறுந்தால் அந்த வரியிலிருந்து தொடரலாம். பைத்தானில் டைனமோடிபியை அழைக்க உதவும் போட்டோ3 (boto3) லைப்ரரி (தமிழில் எழுதினால் ஸ்டுடியோ ஃபோட்டோ போலத் தெரிகிறது, என்ன செய்ய) நம்பரை டெசிமலாகத்தான் தரும். ஜேசானுக்கு டெசிமல் பிடிக்காது, எரர் விடும். அவசரத்தில் டிஃபால்ட் ஈக்வல் ஸ்ட்ர் என்று போட்டுச் சமாளித்தால் நேரம் ஸ்ட்ரிங்காக ஃபைலில் உட்காரும். பிறகு அழிக்கப் போகும்போது, கொடுத்த கீ ஸ்கீமாவுடன் பொருந்தவில்லை என்று வரும். கண்ணுக்கு இரண்டும் ஒரே எண், டைனமோடிபிக்கு வேறு வேறு. ஃபைலிலிருந்து படிக்கும்போது இன்ட் ஆக மாற்றினால் தீர்ந்தது. சார்ட் கீயை விட்டுவிட்டாலும் இதே எரர்தான் வரும் என்பதால் இரண்டையும் சரிபாருங்கள்.

அழிப்பதற்கு பேட்ச்ரைட்ஐட்டம். ஒரு அழைப்பில் 25 வரை. காசு மிச்சமாகாது, போய்வரும் நேரம்தான் மிச்சம். ஒரே பேட்சில் ஒரே கீ இரண்டு முறை இருந்தால் பேட்ச் முழுவதும் நிராகரிக்கப்படும். இன்னொன்று: அழைப்பு 200, அதாவது வெற்றி, என்று திரும்பினாலும் 25-ம் அழிந்துவிட்டதாக அர்த்தமில்லை. த்ராட்டில் ஆனவை அன்ப்ராசஸ்ட்ஐட்டம்ஸில் திரும்பி வரும். அவற்றைக் கொஞ்சம் காத்திருந்து, காத்திருப்பை ஒவ்வொரு முறையும் இரட்டித்து அனுப்ப வேண்டும். போட்டோ3-இன் பேட்ச்ரைட்டர் இதைத் தானே திரும்ப அனுப்பும், ஆனால் இடைவெளி விடாது. ஏற்கெனவே மூச்சுத் திணறும் டேபிளை அது மேலும் குத்தும். எனவே வேகத்தை நாமே கட்டுப்படுத்துவது மேல்: 25 ஐட்டம் 75 யூனிட், நொடிக்கு 4 பேட்ச், 300 யூனிட். ஃபைலை ஒருமுறை கலைத்துப் போட்டுவிட்டு ஓட்டுங்கள். ஒரே பயனரின் ஐட்டங்கள் அடுத்தடுத்து வந்தால் ஒரே பார்ட்டிஷனில் (டேட்டாவைப் பிரித்து வைக்கும் துண்டு) போய் மோதும். ஒரு பார்ட்டிஷனின் உச்சவரம்பு நொடிக்கு 1,000 ரைட் யூனிட்.

பேட்சில் கண்டிஷன் போட முடியாது. ஸ்கேனுக்கும் டெலீட்டுக்கும் நடுவில் அந்த ஐட்டம் மாறக்கூடும் என்றால் பேட்சை விட்டுவிட்டு, 'ஸ்டேட்டஸ் இன்னும் மூடியதாகவே இருந்தால் மட்டும்' என்ற கண்டிஷனோடு தனித்தனி டெலீட்ஐட்டம்தான். கண்டிஷன் தோற்றாலும் யூனிட் போகும். அந்த எக்ஸெப்ஷனைப் பிடித்து எண்ணிக்கையில் சேர்த்துவிட்டுத் தாண்டலாம். கண்டிஷன் இல்லாமல், இல்லாத ஐட்டத்தை அழித்தால் எரர் வராது. பாதியில் நின்ற வேலையைச் சில வரிகள் முன்னதாகத் தொடங்கினாலும் கேடில்லை, ஒவ்வொன்றுக்கும் 1 யூனிட் மட்டும் வீண்.

டேபிளில் ஸ்ட்ரீம் இருந்து அதில் லாம்ப்டா (மாற்றம் வந்ததும் தானே ஓடும் சிறு புரோகிராம்) தொங்கினால், ஓட்டுவதற்கு முன்பே அந்த லாம்ப்டாவின் கோடைப் படியுங்கள். 40 லட்சம் ரிமூவ் நிகழ்வுகள் அதற்குப் போகும். அதில் 'செஷன் முடிந்தது' என்று மெயில் அனுப்பும் வரி இருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

டிடிஎல் வைத்தால் அழிப்பது இலவசம்தானே என்ற கேள்வி வரும். இனி வரப்போகும் ஐட்டங்களுக்கு ஆம். பழைய 40 லட்சத்துக்கு இல்லை, ஏனென்றால் டிடிஎல் அட்ரிப்யூட்டைச் சேர்க்கும் அப்டேட்டுக்கே 3 யூனிட் போகும், அழிப்பதற்கு ஆகும் அதே செலவு. புதியவற்றில் எழுதும்போது நேரத்தை நொடியில், நம்பராக வையுங்கள். ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள் பழக்கத்தில் மில்லிசெகண்டைப் போட்டுவிடுவார்கள். 10 இலக்கத்துக்குப் பதில் 13 இலக்கம். டைனமோடிபி அதை 50,000 ஆண்டுகளுக்கும் அப்பால் உள்ள தேதியாகப் படிக்கும், ஐட்டம் அப்படியே கிடக்கும். சரியாக வைத்தாலும் உடனே அழியாது, காலாவதியான பின் சில நாட்கள் வரை எடுத்துக்கொள்ளும். அதனால் படிக்கும் கோடில் காலாவதியானதை ஒதுக்கும் ஃபில்டர் இருக்க வேண்டும்.

எல்லாம் ஓடி முடிந்து கன்சோலைத் திறந்தால் ஐட்டம் எண்ணிக்கை அப்படியே இருக்கும். பதற வேண்டாம், அது சுமார் 6 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது. அவசரமென்றால் ஃபைலிலிருந்து நூறு கீகளைத் தாறுமாறாக எடுத்து கெட்ஐட்டம் போட்டுப் பாருங்கள். கவுன்ட்டுக்காக இன்னொரு முழு ஸ்கேன் ஓட்டினால் அதற்கும் பில் வரும்.