அரை வோல்ட் குறைகிறது

அக்டோபர் 3, 2024, வியாழன்

வகுப்பு தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் போர்ட்லாண்ட் கம்யூனிட்டி காலேஜ், சில்வேனியா வளாகம். எலெக்ட்ரானிக் இன்ஜினியரிங் டெக்னாலஜி, இரண்டு வருடப் படிப்பு. நம்மூர்க் கணக்கில் பாலிடெக்னிக் டிப்ளமோ என்று வைத்துக்கொள்ளலாம். அதை 2004இல் விருதுநகர் பக்கம் ஒருமுறை முடித்தவள் நான். அதனால் அம்மா போனில் கேட்டது நியாயமான கேள்விதான்: "படிச்சதையே திரும்பப் படிக்கவா அவ்வளவு தூரம் போன?"

இன்று லேபில் மேசைக்கு இரண்டு பேர். மின் அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப் ஒன்று, ஒரு பவர் சப்ளை, சோதனைக்கு அலை தரும் ஃபங்ஷன் ஜெனரேட்டர் ஒன்று, ஆளுக்கொரு மல்டிமீட்டர். எங்கள் பாலிடெக்னிக்கில் ஸ்கோப்பை சி.ஆர்.ஓ. என்போம், அது ஒன்றுக்கு எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரில் குமிழைத் திருகுபவன் எப்போதும் ஒரே பையன்தான். மற்றவர்கள் ரெக்கார்டு நோட்டில் அட்டவணைக்குக் கோடு போட்டுக்கொண்டிருப்போம். ரீடிங் சீனியர்களின் ரெக்கார்டிலிருந்து வரும். அந்த நோட்டுகளில் ஓம் விதி ஒருநாளும் பிசகியதில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்கலாம். "வேற பாடம்மா" என்று முடித்துக்கொண்டேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

பக்கத்து ஊரான பீவர்டனில் மூன்று வீட்டுக் கொலு. மூன்றிலும் சுண்டல், மூன்றிலும் அதே விசாரணை. சாஃப்ட்வேர் டெஸ்டிங் கோர்ஸ் ஆறு மாதத்தில் முடியுமே, டேட்டாபேஸுக்கான எஸ்.க்யூ.எல். சுலபமாச்சே, அப்படியே படிப்பதானால் மாஸ்டர்ஸ் பண்ணலாமே. டெக்னீஷியன் என்றதும் ஒரு அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கேபிள் டி.வி. இழுக்க வருபவரை நினைத்திருப்பார். இந்த ஊரைச் சுற்றியுள்ள சிப் தொழிற்சாலைகளில் இயந்திரங்களை ஓடவைப்பவர்களில் நிறையப் பேர் இதுபோன்ற இரண்டு வருடப் படிப்புக்காரர்கள்தான் என்று அவர் வீட்டுக்காரர் சொன்னார். அவர் அங்கேதான் இன்ஜினியர். அக்கா இன்னொரு கரண்டி சுண்டல் வைத்தார்.

அக்டோபர் 8, செவ்வாய்

ரெசிஸ்டரின் மதிப்பைச் சொல்லும் வண்ணப் பட்டைகள். வண்ண வரிசையை நினைவில் வைக்கக் கற்ற "பிபி ராய் கிரேட் பிரிட்டன் வெரி குட் வொய்ஃப்" இருபது வருடம் கழித்தும் நாக்கில் அப்படியே நிற்கிறது. ஆனால் இங்கே தருபவை நீல உடம்பு மெட்டல் ஃபிலிம், ஐந்து பட்டை, ஒரு சதவீதம். நீலத்தின் மேல் பழுப்பு எது சிவப்பு எது என்று டியூப்லைட் வெளிச்சத்தில் யாராலும் சொல்ல முடியவில்லை. எல்லோரும் மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

டிரான்சிஸ்டரும் மாறிவிட்டது. எங்களுக்கு பிசி107, எஸ்எல்100, அப்புறம் பிசி547. இங்கே 2என்3904. தட்டையான பக்கம் நம்மைப் பார்க்கப் பிடித்தால் பிசி547இல் மூன்று கால்களும் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். இதில் எமிட்டர், பேஸ், கலெக்டர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கை பழைய பழக்கத்தில்தான் போகிறது, கால் வரிசை போட்டிருக்கும் டேட்டாஷீட்டைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 10, வியாழன்

இன்றைய சோதனை இவ்வளவுதான்: 10 வோல்ட் சப்ளை, அதற்குக் குறுக்கே ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் இரண்டு, தொடராக. ஒவ்வொன்றின் மேலும் எத்தனை வோல்ட்? பத்தாம் வகுப்புப் பிள்ளைகூட 5 என்று சொல்லும். அளந்தால் மேலே 4.76, கீழே 4.76. கூட்டினால் 9.52. சப்ளையை அளந்தால் சுத்தமாக 10.

என் லேப் கூட்டாளி ஐம்பது தாண்டியவர், கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். முதலில் மீட்டரின் பேட்டரியைச் சந்தேகப்பட்டார். அப்புறம் ரெசிஸ்டரை மாற்றினார். அதே 4.76. பக்கத்து மேசையில் 5.0, 5.0 என்று எழுதி முடித்துவிட்டு ஒருவன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். ஆசிரியர் மெதுவாக வந்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். "இதை எந்த மீட்டரில் பார்த்தாய்? எனக்கும் அது ஒன்று வேண்டும்" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். பையன் காதுவரை சிவந்துவிட்டான். எங்கள் ஊரில் அந்த 5.0க்குத்தான் மார்க்.

விஷயம் மீட்டரில்தான் இருக்கிறது, ஆனால் மீட்டர் பழுதில்லை. அதன் உள்தடை 10 மெகாஓம். அதை ஒரு மெகாஓம் ரெசிஸ்டருக்குக் குறுக்கே வைத்த கணத்தில் இரண்டும் இணையாகச் சேர்ந்து 0.909 மெகாஓம் ஆகிவிடுகிறது. பத்து வோல்ட்டை 0.909க்கும் 1க்கும் பிரித்தால் 4.76 சரியாக வருகிறது. கம்பியை எடுத்துவிட்டால் அங்கே மறுபடி 5 வோல்ட், ஆனால் அதைப் பார்க்க வழியில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பாலிடெக்னிக்கில் இருந்தது முள் மீட்டர், அதன் உள்தடை ரேஞ்சின் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 20 கிலோஓம். 10 வோல்ட் ரேஞ்சில் மொத்தமே 200 கிலோஓம். அதே சர்க்யூட்டில் அது 1.43 காட்டியிருக்கும். 5 எங்கே, 1.43 எங்கே! இதை அன்று ஒருவராவது அளந்திருந்தால் லேபே ரெண்டுபட்டிருக்கும்.

இவரிடம் சொன்னேன். "அப்போ அளக்கவே முடியாதா?" என்றார். முடியும், மீட்டரையும் சர்க்யூட்டில் ஒரு உறுப்பாகச் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும், அவ்வளவுதான். சாம்பார் கொதித்து வழிந்ததில் பேச்சு அதோடு நின்றது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில். விடியற்காலையில் எண்ணெய்க் குளியல், மதியம் லேப், மாலை வாசலில் சூனியக்காரி வேடத்தில் வரும் பிள்ளைகளுக்கு மிட்டாய். ஒரு டப்பா அதிரசத்தை வகுப்புக்கு எடுத்துப் போனேன், கூட்டாளி நான்கு தின்றார்.

லேபில் ஸ்கோப் ப்ரோப். சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து ஸ்கோப்புக்குத் தரும் பத்து மடங்கு ப்ரோப்பை முதலில் ஸ்கோப்பின் முகப்பில் இருக்கும் சதுர அலையில் மாட்டி, ப்ரோப்பில் உள்ள குட்டித் திருகை பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவரால் திருப்ப வேண்டும். மூலை உருண்டிருந்தால் ஒரு பக்கம், மூலையில் கொம்பு முளைத்திருந்தால் மறுபக்கம். தட்டையாக நிற்கும் இடம் வந்தால் சரி. பின்மேசையில் ஒரு பெண் இரண்டு ப்ரோப் மாட்டி, இரண்டாவதன் கிரவுண்டு கிளிப்பை சர்க்யூட்டின் நடுவில் கவ்வவைத்தாள். இரண்டு கிளிப்பும் ஸ்கோப்புக்குள் ஒன்றுதான். அதனால் சர்க்யூட்டின் கீழ்ப்பாதி மொத்தமும் ஷார்ட். மேல்பாதி ரெசிஸ்டர் புகைந்து நாறியது. ஆசிரியர் ஓடி வரவில்லை. ஜன்னலைத் திறந்தார், கரிந்த ரெசிஸ்டரை எடுத்து முன்மேசைக் கண்ணாடி ஜாடியில் போட்டார். ஜாடி முக்கால்வாசி நிறைந்திருக்கிறது.

நவம்பர் 7, வியாழன்

கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னால் வைத்த பிறகு ஐந்து மணிக்கே இருட்டு. மழை.

ஆசிரியர் இன்று வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது 1950களின் டெக்ட்ரானிக்ஸ் ஸ்கோப் ஒன்று, வால்வு வைத்தது, தூக்க இரண்டு ஆள் வேண்டும். அந்தக் கம்பெனி இந்த ஊர்க் கம்பெனி. 1946இல் போர்ட்லாண்டில் அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள் ஹோவர்ட் வோல்லமும் ஜாக் முர்டாக்கும். 1947இல் 511 என்ற ஸ்கோப். அலையை ஒரே புள்ளியிலிருந்து தொடங்கவைத்துத் திரையில் ஓடாமல் நிறுத்தியதுதான் அதன் பெருமை. இப்போது பீவர்டனில் அந்தக் கம்பெனி வளாகத்துக்குள் போகும் சாலைக்கு கார்ல் பிரவுன் பெயர். 1897இல் கேதோடு கதிர்க்குழாயை வைத்து அலையைக் கண்ணால் பார்க்கவைத்த ஜெர்மானியர். அந்த வழியாக எத்தனையோ முறை மளிகைக்குப் போயிருக்கிறேன். யாரோ உள்ளூர் ரியல் எஸ்டேட்காரர் என்று நினைத்திருந்தேன்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே பிரிண்டட் போர்டே கிடையாது. வெள்ளைப் பீங்கான் பட்டைகள், பல் பல்லாக வெட்டிய பள்ளங்கள், ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு ரெசிஸ்டரின் கால். எல்லாம் நூல் பிடித்ததுபோல் வரிசை. ஓரத்தில் ஒரு சின்னச் சுருள் சால்டர் ஈயம். பழுதுபார்க்க வருபவருக்காகக் கம்பெனியே உள்ளே வைத்து அனுப்பியது. பள்ளங்களில் வெள்ளிப் பூச்சு உண்டு. சாதாரண ஈயத்தால் திரும்பத் திரும்பச் சூடு வைத்தால் வெள்ளி அதில் கரைந்து பட்டையை விட்டு வந்துவிடும். அதனால் வெள்ளி கலந்த ஈயம். எழுபது வருடம் கழித்து இதைத் திறக்கப் போகிறவர் கையில் சரியான ஈயம் இருக்காது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அந்த ஆளை எனக்குப் பிடித்துவிட்டது.

நவம்பர் 12, செவ்வாய்

ஊர் முழுக்க ஆட்குறைப்புப் பேச்சு. கோயிலிலும் அதே, மளிகைக்கடையிலும் அதே. வகுப்பில் இரண்டு பேர் வரவில்லை. இவர் வேலைக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை என்கிறார். "இப்போதைக்கு" என்பதை நான் கேட்காததுபோல் இருந்துவிட்டேன். குளிர்காலப் பருவத்துக்குப் பணம் கட்டியாயிற்று.

டிசம்பர் 5, வியாழன்

பழுது கண்டுபிடிக்கும் தேர்வு. ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர், 12 வோல்ட், ஆசிரியர் எங்கோ கை வைத்திருப்பார். ஒரு மேசைக்கு இரண்டு போர்டு.

முதல் போர்டில் டி.சி. எல்லாம் ஒழுங்கு. பேஸில் 2.1, எமிட்டரில் 1.45, கலெக்டரில் 6.3. ஆனால் இருநூறு மடங்குக்கு மேல் பெருக்க வேண்டியது நான்கு மடங்குகூடப் பெருக்கவில்லை. கூட்டாளி டிரான்சிஸ்டரைப் பிடுங்கப் போனார். அவருக்கு எப்போதும் டிரான்சிஸ்டர்மேல்தான் சந்தேகம். ஸ்கோப்பை எமிட்டரில் வைக்கச் சொன்னேன். பேஸில் இருக்கும் அலை அப்படியே எமிட்டரிலும் ஆடியது. எமிட்டரில் வரும் அலையைத் தரைக்குக் கடத்திவிடுவது பைபாஸ் கெப்பாசிட்டர், அது சரியாக இருந்தால் அங்கே அலையே இருக்கக் கூடாது. தூக்கிப் பார்த்தால் ஒரு கால் உறைக்கு அடியில் நறுக்கப்பட்டிருந்தது. வெளியிலிருந்து பார்க்க முழுசாகவே தெரிந்தது.

இரண்டாவது போர்டில் கலெக்டரில் முழு 12 வோல்ட். பேஸில் 2.1. எமிட்டரில் 1.6. கூட்டாளி, எமிட்டர் வோல்டேஜ் கிட்டத்தட்ட சரியாக இருக்கிறது, எனவே டிரான்சிஸ்டரின் கலெக்டர் போயிருக்கிறது என்றார். எனக்கு அந்த 1.6 உறுத்தியது. சரியான போர்டில் 1.45, இதில் அதைவிடக் கூடுதல். எமிட்டர் ரெசிஸ்டர் அறுந்திருந்தால் கீழே பாதையே இல்லை. மீட்டரை வைத்ததும் அதன் 10 மெகாஓம்தான் பாதை. துளியூண்டு கரண்ட், அதற்கு பேஸ்-எமிட்டர் இடைவெளி 0.65க்குப் பதில் அரை வோல்ட்டே போதும். 2.1இல் அரை போனால் 1.6.

ஒரு காபி பந்தயம். சப்ளையை அணைத்து, ரெசிஸ்டரின் ஒரு காலைத் தூக்கி அளந்தோம். மீட்டர் திரையில் ஓ.எல். என்று வந்தது, அறுந்துபோனதற்கு அடையாளம். அவர் எனக்கு டீ வாங்கித் தந்தார், இங்கே காபி வாயில் வைக்க முடியாது.